அரசி ஒர்சோலா தன் கையால் எழுதியது

வால்மோரா அரசி ஒர்சோலாவின் கையெழுத்து படுமோசம். சின்ன வயதில் எழுதப் பழக்கிய பாதிரியாரே தலையில் அடித்துக்கொண்டு கைவிட்டுவிட்டார். கல்யாணமாகி மலைக்கு வடக்கே வந்த பிறகு அவள் கடிதங்களையெல்லாம் அரண்மனை எழுத்தர்தான் எழுதினார். முத்துக் கோத்தாற்போல இருக்கும். கீழே பெயரை மட்டும் அவள் கிறுக்குவாள்.

அந்த வருஷம் தவக்காலத்தில் ஒருநாள், கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே எழுத உட்கார்ந்தாள். எழுத்தரிடம் சொல்லக்கூடிய சேதி இல்லை அது.

முந்தின நாள் மதியம் அரசர் எமெரிக் தளபதிகளோடு மீனும் மதுவுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் அவள் இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை. அவர்கள் போட்ட திட்டம் அவள் காதில் விழுந்தது. பனி உருகியதும் படை தெற்கே இறங்குகிறது. ரோக்காவிவா பாலத்தைக் கடந்துபோக மட்டும் அனுமதி கேட்பது. உள்ளே போனதும் ஊரையே எடுத்துக்கொள்வது. "சிலைக்கும் சித்திரத்துக்கும் செலவழிச்ச புத்தியில அந்தப் பையன் ஒரு பீரங்கி வாங்கலையே!" என்று அரசர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பையன் அவளுடைய தம்பி தாதேயோ. ரோக்காவிவா அவள் பிறந்த ஊர். அப்பா போன பிறகு தம்பிதான் அங்கே பிரபு. அம்மாவும் அவனோடுதான் இருந்தாள்.

ஒர்சோலா எழுதினாள்: "அம்மா, இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே நான்தான் என்று தெரிந்திருக்கும். பாலத்தைக் கடக்க என் வீட்டுக்காரர் வழி கேட்பார். கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல். உள்ளே வந்தால் வெளியே போகமாட்டார்கள். கதவை அடைத்துவிட்டு, அக்கம்பக்கத்து ஊர்களிடம் ஆள் கேளுங்கள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. யார் கண்ணிலாவது பட்டால் நான் இல்லை."

கொண்டுபோவதற்கு ஒரே ஆள்தான் இருந்தாள். பெத்தா. பெத்தாவின் அம்மாவிடம்தான் ஒர்சோலாவும் அவளும் பால் குடித்து வளர்ந்தார்கள். கல்யாணத்தின்போது சீர்ப்பெட்டிகளோடு பெத்தாவும் கூடவே வந்துவிட்டாள். ஆள் முன்னால் 'ராணியம்மா', தனியே இருந்தால் 'நீ', 'ஒர்சோ'.

"வழியில எவனாவது கேட்டா என்னடி சொல்லுவ?"

"அக்காவுக்குப் பிரசவம், போறேன்னு சொல்லுவேன்."

"உங்கக்காவுக்கு அம்பது வயசு."

"கேக்குறது சிப்பாய்தானே, மருத்துவச்சியா? கழுத்து வரைக்கும் சிவந்துபோய், 'போ போ'ம்பான் பாரு." பெத்தா கடிதத்தைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். "வரும்போது உங்கம்மா கையால வாதுமை ரொட்டி வாங்கிட்டு வரேன். இந்த ஊர்க்காரங்க சுடுறது செங்கல்லுதான்."

ஈஸ்டர் வந்து போனது. பெத்தா வரவில்லை. கணவாயில் இன்னும் பனி என்றார்கள். ஒர்சோலாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் அரசர் கூப்பிட்டனுப்பினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பேரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். மேஜையில் விரித்து வைத்திருந்த காகிதம் வாசலிலிருந்தே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"வா, வா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் உன் கையெழுத்தைப் பாக்குற பாக்கியம் எனக்குக் கிடைக்கலையே. கோழி கிளறுன மாதிரின்னா கோழி கோவிச்சுக்கும்."

"வழியில பிடிச்சீங்களா? பெத்தாவை என்ன பண்ணீங்க?"

"நான் யாரையும் பிடிக்கல. உன் தம்பி வெல்வெட்டுல சுத்தி அனுப்பிவச்சிருக்கான். தான் எனக்கு எவ்வளவு விசுவாசம்னு நான் தெரிஞ்சுக்கணுமாம். படை எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்குமாம்." கத்தி முனையால் இன்னொரு சின்னக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இது உங்கம்மா. படி."

இரண்டே வரிகள். 'என் மகள் சில காலமாகவே மனம் சரியில்லாதவள். அவளைப் பொருட்படுத்தாமல் என் மகனை உங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.'

யாராவது அம்மாவைப்போல எழுதியிருக்கலாமோ என்று ஒர்சோலா அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கத்தியைக் காட்டி மிரட்டி வாங்கியிருந்தால் எழுத்தில் நடுக்கமாவது இருக்குமே என்று தேடினாள். நடுக்கமே இல்லை. அம்மா நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவளுக்கு எப்போதுமே எழுத்து அழகு.

"எனக்கு உன்மேல கோவம் வரணும், இல்ல?" என்றார் அரசர். "வருது. ஆனா அதுக்கு முன்னாடி பாவமா இருக்கு. எனக்குத் துரோகம் பண்ணியே, அதை உன் மேல கொஞ்சமாவது பாசம் வச்சிருக்கிறவங்களுக்காகப் பண்ணியிருக்கக்கூடாதா?"

அவளை வடக்குக் கோபுரத்தில் வைத்தார்கள். காகிதம் கிடையாது, மை கிடையாது. அவளுடைய சின்ன மகளைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. தனக்குள் அவள் அம்மாவுக்காக வாதாடிப் பார்த்தாள்; தம்பி பயமுறுத்தியிருப்பான், தவறான ஆட்கள் யோசனை சொல்லியிருப்பார்கள் என்று. ஒவ்வொரு வாதமும் அந்த இரண்டு வரியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வீடு என்று இத்தனை வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு முகவரிதான் போலிருக்கிறது.

பனி உருகியது. படை இறங்கியது. தாதேயோ தானே பாலத்துக்கு வந்து, ஊதுகுழலும் சித்திர வளைவுமாக வரவேற்றான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. வந்தவர்கள் போகவில்லை, அவ்வளவுதான். கோட்டையில் கொடி மாறியது. மறைந்த பிரபுவின் மூத்த பிள்ளை ஒர்சோலாவின் பெயரால்தான் இனி ஊரை ஆள்வதாக அரசர் சந்தையில் பறைசாற்றினார். ஊர்க்காரர்கள் வாய் திறக்கவில்லை. நம் வீட்டுப் பெண்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பெயர் வேண்டியிருந்ததால் ஆளையும் கோபுரத்திலிருந்து இறக்கினார்கள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அரசர் சிரித்தபடி, "நீ எழுதுனது அத்தனையும் நிஜம்தானே! நம்பாதது அவங்க தப்பு" என்றார்.

அறுவடைக்கு முன்பு அம்மாவும் தம்பியும் விருந்தாளிகள் என்ற பெயரில் வால்மோரா அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்கள். தாதேயோவுக்கு அரசரின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பதவி கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில், "ஊர்ச்சாவியைத் தட்டுல வச்சு நீட்டுனவர் வந்துட்டார், எழுந்திருங்கப்பா" என்று தளபதிகள் கேலி செய்தால், அவனும் சேர்ந்து சிரிப்பான். அக்கா முகத்தை மட்டும் பார்க்கமாட்டான்.

அம்மா முதல்நாளே மகளைத் தேடி வந்தாள். கறுப்பு உடையில் வழிப்புழுதி இன்னும் போகவில்லை. கட்டிக்கொள்ளக் கை நீட்டினாள். ஒர்சோலா எழுந்திருக்கவில்லை.

"பெத்தா எங்கம்மா?"

அம்மா கையைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் தம்பி அவளைக் கீழறையில அடைச்சுட்டான். ஈரமான இடம். நெஞ்சுல சளி கட்டிருச்சு. நான் கம்பளி குடுத்தனுப்பினேன்டி."

"போயிட்டாளா?"

"பாதிரியார் வந்தார். எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு."

ஒர்சோலா ஜன்னல் பக்கம் திரும்பினாள். முற்றத்தில் யாரோ குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுதினதை நீ நம்பலையா?"

"படிச்ச உடனே நம்பினேன்." அம்மா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். "கதவை அடைச்சா சண்டை. சண்டைன்னா உன் தம்பி ஒரு நாள் தாங்கமாட்டான், உனக்கே தெரியும். திறந்துவிட்டா உசுராவது மிஞ்சும். ஊர் போனா போகட்டும்னு நினைச்சேன். நீ கட்டிக்குடுத்த பொண்ணு. உனக்குப் புருஷன் இருக்கான், புள்ள இருக்கு. அவனுக்கு என்னை விட்டா யாரு?"

"சரி, கதவைத் திறக்கணும், திறந்தீங்க. அதுக்கு என் கடுதாசி எதுக்கும்மா? அதை அடுப்புல போட்டிருக்கலாமே."

"வெறுங்கையோட விசுவாசம்னு சொன்னா எந்த ராஜா நம்புவான்? ஏதாவது குடுக்கணும்ல." அம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "குடுக்குறதுக்கு எங்ககிட்ட வேற என்னடி இருந்துச்சு?"

அழுதால் தேவலை போலிருந்தது ஒர்சோலாவுக்கு. அழுகை வரவில்லை. முற்றத்துக்கு எதிர்ப்புறம் வெயில் படும் அறையை அம்மாவுக்கு ஒதுக்கச் சொன்னாள். விறகுக்கும் சாப்பாட்டுக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது என்றாள். அதை அவள் வேலைக்காரியிடம், அம்மாவுக்குப் புரியாத வடக்கத்திப் பேச்சில் சொன்னாள். பிறகு எழுத்தரை வரவழைத்து, அதே பேச்சில் அவரிடம் சொன்னாள்: "இவங்க பிரயாணக் களைப்புல இருக்காங்க, போய்ப் படுக்கட்டும்னு இவங்க பாஷையில சொல்லுங்க."

எழுத்தர் திகைத்தார். அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னார்.

அன்றிலிருந்து அப்படியே ஆனது. பிறந்த ஊர்ப் பேச்சை ஒர்சோலா அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. முன்பு பெத்தாவோடு தனியே இருக்கையில் பேசிய பேச்சு அது. பூசையில் அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மகள் வைத்தியரோடு வந்து கட்டிலருகே நிற்பாள்; எப்படி இருக்கிறது என்பதை எழுத்தர் வழியாகக் கேட்பாள்.

குளிர்காலங்கள் போயின. ஒருநாள் சாப்பிடும்போது, பல் போன வாயால், தப்பும் தவறுமான வடக்கத்திப் பேச்சில் அம்மா தானாகவே கேட்டாள்: "உப்பு தருவீங்களா?"

யாரிடமோ கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறாள்.

ஒர்சோலா உப்புக் கிண்ணத்தை எடுத்து அம்மாவின் கைக்கருகே வைத்துவிட்டு, குனிந்து தன் சூப்பைக் குடித்தாள்.