றோஸியின் கதிரையில் நேசம்

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொடங்கியது. போன மாதம், வெள்ளவத்தையில் காலி வீதியோரம், குளிரூட்டிய சலூன் ஒன்றுக்குள் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். இடுப்புவரை இருந்த முடியைக் காதுக்கு மேலே வெட்டச் சொல்லிவிட்டு, வெட்ட வெட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாய் பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்தாள். நான் மரக்கறிப் பையோடு வெளியே நின்று பார்த்தேன். காவலாளி வந்து, உள்ளே போகவா நிற்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து, பையை அவிழ்க்காமலே எழுத உட்கார்ந்தேன். முதல் வசனம் இப்படி வந்தது:

"1997ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு பெண்ணின் தலைமுடி அவளுடைய உயிரை" —

அடித்துவிட்டேன். பத்திரிகைத் தலையங்கம் மாதிரி இருந்தது. இரண்டாவது:

"நேசத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் அழகி, அதிலும்" —

இதுவும் வேண்டாம். அழகி என்று எழுதிவிட்டால், முடிக்காக அவள் பட்ட பாடெல்லாம் அழகுக்காக என்று ஆகிவிடும். அழகுக்காகப் பட்ட பாடாக இருந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன்.

(நேசம் அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. சொந்தப் பெயரை எழுதினால் அடுத்த வசனத்துக்குப் போக முடிவதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டேன்.)

2

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்வோம்.

நேசம் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு நடந்து, அங்கிருந்து வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, அடையாள அட்டையில் ஒருத்தியும் ஆளில் ஒருத்தியுமாக இருந்தாள். அட்டையில் இருந்தவள் இரட்டைப் பின்னல்காரி. பின்னல்கள் தோளுக்கு முன்னால் விழுந்து, படத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தன. ஆளுக்கோ தோள்வரையும் முடி இல்லை. கிளிநொச்சியில் காய்ச்சலாய்க் கிடந்தபோது, பேனும் சேர்ந்துகொள்ள, தாய் ஒட்ட நறுக்கிவிட்டாள். அது திரும்ப வளர்ந்த காலத்தில் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு. உடுப்புத் தோய்க்கும் சோடாத் தூளைக் கரைத்துத்தான் நேசம் தலை முழுகினாள். முடி செம்பட்டை பற்றித் தும்பு போலாகி, தோளைத் தொட முதலே நுனி வெடித்து உடைந்து விழுந்தது.

இதில் என்ன பயம் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போன பெண்பிள்ளைகளில் பலர் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். ஆகவே வடக்கிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு முடி கட்டை என்றால், சோதனைச்சாவடியில் அட்டையை வாங்கிய கை கொஞ்சம் தயங்கும். தயங்கிய கை சில வேளை அட்டையைத் திருப்பித் தராது. ஆளையும் விடாது. காய்ச்சலில் தாய் வெட்டிய முடி இது என்று எந்தத் தலையிலும் எழுதியிருப்பதில்லை.

முதல் நாளே அது தெரிந்தது. பொலிஸ் பதிவுக்காக அக்கா றஞ்சிதம் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த பெண் பொலிஸ் அட்டையைப் பார்த்தாள். நேசத்தைப் பார்த்தாள்.

"கொண்டே கோ?" என்றாள். முடி எங்கே என்று.

றஞ்சிதம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் காய்ச்சல், அம்மா, பேன் என்று சொல்லி, இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி வெட்டிக் காட்டினாள். பேன் என்றதும் பெண் பொலிஸ் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பதிவு சட்டென்று முடிந்தது.

வீதிக்கு வந்ததும் நேசம் சொன்னாள்: "அக்கா, கொஞ்சப் பேனை மிச்சம் வைச்சிருந்திருக்கலாம்."

* றஞ்சிதம் என்ற இந்த அக்கா நான்தான் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் கதைக்குள் அவளை அதிகம் பேச விடப்போவதில்லை. தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள்.

3

வெள்ளவத்தை ஹம்டன் லேனில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அறைக்கொரு குடும்பம், எல்லாருக்கும் ஒரே குசினி. நேசத்தின் தலையும் அந்தக் குசினியைப் போல எல்லாருக்கும் பொதுவாயிற்று. ஒருத்தி வெந்தயம் ஊறவைத்தாள். ஒருத்தி செவ்வரத்தை இலை கசக்கினாள். தலைக்கு எண்ணெய் காய்ச்சிய சட்டியில் மறதியாகப் பொரித்த மீன் ஒருநாள் யாராலும் சாப்பிட முடியாமல் போனது. முன்னறை வரதராசா, ஓய்வுபெற்ற தபாலதிபர், தலையில் பெயருக்கும் முடி இல்லாதவர். சின்ன வெங்காயச் சாறுதான் சரி என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஐயா, நீங்கள் பூசிப் பாத்தனீங்களோ?" என்று நேசம் கேட்டாள்.

"நான் பிந்திப்போனன் பிள்ளை. அதாலைதான் உனக்கு முந்திச் சொல்லுறன்."

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம். யுத்த காலத்துக் கதையில் இவ்வளவு சிரிப்பு இருக்கலாமா? எழுதியதை வாசித்துக்காட்டியபோது ஒருவர், "கொஞ்சம் லேசாப் போகுது" என்றார். என்ன செய்ய? நாங்கள் சிரித்தோம். ஒரே குசினிக்குள் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்க முடியாது.)

முடி வளராமல் இல்லை. வேரில் வளர்ந்த அளவு நுனியில் உடைந்தது. அதற்கிடையில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு வேலை கிடைத்தது. வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ். வழியில் இறக்கி வரிசையில் விட்டு, அட்டை பார்த்து, திரும்ப ஏற்றும் சாவடிகள். நேசம் புறக்கோட்டையில் ஒரு சவுரி வாங்கினாள். பொய்ப் பின்னல். காலையில் தன் முடியை இழுத்துக் கட்டி, அதில் சவுரியை வைத்துப் பின்னி, ஊசிகளால் இறுக்குவாள். பிறகு அட்டையைக் கையில் பிடித்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, படத்தில் இருக்கும் பிள்ளை மாதிரியே முகத்தை வைத்துப் பார்ப்பாள்.

அது பலித்தது. மாதக்கணக்காக ஒரு சாவடியிலும் அவளை இரண்டாம் தரம் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது பின்னல் முதுகில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும். அவள் வேண்டுமென்றே அப்படி நடந்தாள்.

4

றோஸியை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று பக்கம் கிழித்தாயிற்று. "கொட்டாஞ்சேனையின் பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், மாதா படத்துக்குக் கீழே" — நீளம். "றோஸி ஒரு கத்தோலிக்கப் பெண்" — அடையாள அட்டை மாதிரி. அவளை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டேன், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. அச்சகத்துக்கு மேலே பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். பெரிய குரல், பெரிய கை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். இனி வரும் பேச்செல்லாம் அன்று அவள் எனக்குச் சொன்னபடி.

பின்மண்டையில் விடாத வலி என்று நேசம் ஒரு மத்தியானம் படியேறிப் போனாள். றோஸி கதிரையில் இருத்தி, ஊசிகளைக் கழற்றி, சவுரியை அவிழ்த்தாள்.

"ஜேசுவே! யாரு மகள் இத கட்டினது?"

"நான்தான் அன்ரி."

"கட்டினியா, தூக்குல போட்டியா? இந்த வாலுட பாரத்துக்கு வேரோட கழண்டு வருது. இங்க காதுக்குப் பின்னால பாரு, மொட்டை."

"மொட்டையோ?"

"கத்தாத. சின்ன மொட்டைதான்."

"அன்ரி, எனக்கு முடி நீளமா வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

"இங்க வாற எல்லாத்துக்கும் நீளமாதான் வேணும். மொதல்ல இந்த வெடிச்சது பூராவும் வெட்டணும். காதுவரைக்கும். அப்புறம் எண்ணெய் வைக்கணும், வாலு கீலு ஒண்ணும் மாட்டக் கூடாது. ஒரு வருஷத்துல நல்ல முடி வரும், நான் கேரண்டி."

"ஒரு வருசமோ!"

"முடி என்னா கீரையா, வெதச்சவொடன புடுங்க?"

"அதில்லை அன்ரி. கட்டை முடியோட ஒரு வருசம் நான் எப்பிடிப் போய் வாறது?"

"எங்க போய் வாறது?"

"வீட்டை."

றோஸி சிரித்துவிட்டாள். "முடி வெட்டினா பஸ்காரன் ஏத்த மாட்டானா?"

நேசம் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே சீப்புகளுக்கு நடுவில் வைத்தாள். றோஸி அதைப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்த தலையைப் பார்த்தாள். கையில் எடுத்திருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

"ஜேசுவே," என்றாள் மறுபடியும். இம்முறை சத்தம் வரவில்லை.

சீப்பை எடுத்து முடியை வாரத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்:

"பின்னுக்கு ஒரு ரூம் இருக்கு. மகன் இத்தாலிக்குப் போனதுல இருந்து சும்மா கெடக்குது. இங்க இரு. காலைல படியிறங்கினா வேலை, சாயந்தரம் படியேறினா வீடு. ரோட்டுக்கே போகாத. முடி வளரட்டும், அப்புறம் போ."

"ஒரு வருசமா உங்களை நான் கரைச்சல் படுத்தவோ?"

"எனக்கும் பேச ஆள் வேணாமா, மகள்?"

நேசம் அழுதாளா என்று நான் றோஸியிடம் கேட்கவில்லை.

"இண்டைக்குப் போய் அக்காவுக்குச் சொல்லிப்போட்டு, நாளைக்கு உடுப்போட வாறன்," என்றாள் நேசம்.

5

இங்கேதான் எழுதுவது கஷ்டமாகிறது. நடந்ததை ஒரு தடவை, அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையின் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலையில் நேசம் போக எழுந்தபோது றோஸி தன் கையாலேயே சவுரியைத் திரும்ப வைத்துப் பின்னிவிட்டாள். வேர் நோகும் என்று இரங்கி, ஊசிகளைக் குறைத்து, தளர்வாகக் கட்டினாள். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தாள். காலி வீதியில் ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். சோதித்த பெண்ணின் கை பின்னலில் பட்டது. பின்னல் கையோடு வந்துவிட்டது.

"மே மொகத?" இது என்ன என்று அவள் கேட்டது, வரிசையில் பின்னால் நின்ற ஒரு முஸ்லிம் நானாவுக்குக் கேட்டிருக்கிறது; பிறகு விசாரித்துப் போனபோது அவர்தான் சொன்னார். கட்டை முடியோடு மட்டும் நின்றிருந்தால் பேச ஏதாவது இருந்திருக்கும். பொய் முடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவளுக்கு எதைச் சொல்வது? பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். நேசத்தை நிற்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் காணவில்லை. போய்க் கேட்ட இடங்களிலெல்லாம், அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள்.

றோஸி அடுத்த நாள் முழுக்க அறையைக் கூட்டித் துடைத்து வைத்துக் காத்திருந்தாளாம். அதற்கடுத்த நாள் விலாசம் விசாரித்து ஹம்டன் லேனுக்கு வந்தாள். "நான் இறுக்கிக் கட்டியிருக்கணும்," என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். றஞ்சிதம் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு பிள்ளையின் வேர் நோகக் கூடாது என்று நினைத்த கையை என்னவென்று திட்டுவது?

6

ஆகவே நான் வேறு முடிவுகளைச் செய்து பார்த்தேன். எழுதுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு.

(அ) றோஸி அன்றைக்கே வெட்டிவிடுகிறாள். நேசம் காதளவு முடியோடு, ஒன்றையும் மறைக்காமல் பஸ் ஏறுகிறாள். சாவடியில் முடி எங்கே என்று கேட்கிறார்கள். "பேன்," என்கிறாள். இந்தப் பெண் கதிரையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இவளுக்குக் கதிரையே இல்லை, வீதியில் நிற்கிறாள். அட்டையைப் பார்க்கிறாள், தயங்குகிறாள் —

(ஆ) றோஸி இறுக்கிக் கட்டுகிறாள். நேசம் வீடு வருகிறாள். அடுத்த நாளும் வருகிறாள். வேர் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. யுத்தம் முடிய இன்னும் பன்னிரண்டு வருடம் கிடக்கிறது. அதுவரை சவுரியைக் கட்ட அவளுக்கு என்ன மிஞ்சும்?

(இ) அவள் அன்று வீட்டுக்கு வரவே இல்லை. றோஸியின் அறையில் தங்கிவிடுகிறாள். அச்சகத்துத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு எடுத்து அக்காவுக்குச் சொல்லச் சொல்கிறாள். இதைத்தான் நான் அதிகப் பக்கம் எழுதினேன். வெடித்த நுனிகள் போகின்றன. காதுக்குப் பின்னால் மொட்டை மூடிப் பூனைமயிர் அரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் றோஸி எண்ணெய் தேய்த்துக்கொண்டு இத்தாலி மருமகளைத் திட்டுகிறாள், நேசம் ஓம் அன்ரி, ஓம் அன்ரி என்கிறாள். முடி தோளைத் தாண்டுகிறது, முதுகில் இறங்குகிறது. சொந்த முடி, கறுத்த முடி. ஒருநாள் அட்டையிலுள்ள அதே இரட்டைப் பின்னலோடு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறுகிறாள். சாவடியில் சோதிக்கிற பெண் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். அது கழன்று வரவில்லை. "யாப்பனயத?" என்று கேட்கிறாள். யாழ்ப்பாணமா என்று —

அடித்தேன். என் கை அந்த வசனத்தைத் தானாகவே எழுதியது.

எந்த நீளத்தில் முடி இருந்திருந்தால் என் தங்கச்சி வீடு வந்திருப்பாள் என்று நான் இத்தனை வருடமும் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எல்லா நீளத்தையும் எழுதிப் பார்த்தாயிற்று.

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் தருகிறேன். இப்படித் தருகிறேன்:

மத்தியானம். நேசம் கதிரையில் இருக்கிறாள். தோளில் துவாய். சவுரி மேசையில் கிடக்கிறது. கழுவிய முடியை இன்னும் யாரும் கட்டவில்லை. போக நேரமாகவில்லை. றோஸி ஈரச் சீப்போடு பின்னால் நின்று, "என்னா மகள், வெட்டவா, விடவா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் வேறு கதைக்குப் போய்விட்டாள். அவளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. நேசம் சிரித்துக்கொண்டு கேட்கிறாள்.

வெட்டுவதா, கட்டுவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவசரமே வேண்டாம். இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போய்ச் சமையுங்கள், தூங்குங்கள், வேலைக்குப் போய் வாருங்கள். நீங்கள் எவ்வளவு பிந்துகிறீர்களோ, அவ்வளவுக்கு அவள் முடி வளரும்.