எட்டு கேபிளுக்கும் ஒரே நீளம்

எனக்குக் கோபம் மூக்கு மேலதான் நிக்கும். கணியம்பாடியில எங்க அம்மாவே, "அன்னமேரி வாயைத் தொறந்தா தெரு நாய் கூட ஒதுங்கிப் போய்டும்"னு சொல்லுவாங்க. அப்படிப்பட்டவளை ஜவ்வாது மலைக்கு அனுப்பி, சூரியன்லேர்ந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்கிற வேலையில சேர்த்தாங்க.

எட்டு ஏரியல். ஏரியலுக்கு ஒரு குடிசை, குடிசைக்குள்ள ஒரு ரிசீவர். நடுவுல ஒரு கட்டடம், அதுலதான் கடிகாரம். முள்ளு வெச்ச கடிகாரம் இல்ல. ஒரு நொடியை லட்சம் லட்சமாத் துண்டு போட்டு, அந்தத் துடிப்பை கேபிள் வழியா அனுப்புற பெட்டி. அது எட்டு ரிசீவருக்கும் ஒரே சமயத்துல போய்ச் சேரணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தினா, பிடிச்ச அலை அத்தனையும் வீண். அதனால எட்டு கேபிளும் ஒரே நீளம். தூரத்துக் குடிசைக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவேதான் பக்கத்துக் குடிசைக்கும். மிச்சத்தைச் சுருட்டி உள்ள வெச்சிடணும்.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில சூரிய கிரகணம். அதுக்குள்ள முடிக்கணும்னு இன்ஜினியர் பஞ்சாட்சரம் எங்களை விரட்டு விரட்டுன்னு விரட்டினார். ஏழு கேபிள் மண்ணுக்குள்ள போய்டுச்சு. எட்டாவதுக்குப் பள்ளம் தோண்டிக்கினு இருந்தாங்க.

தோண்டுறவங்கள்ல கெங்கம்மாள் ஒருத்தி. மலைக்காரங்க. சாமையும் புளியும்தான் அவங்க வெள்ளாமை. எட்டாவது குடிசைதான் எல்லாத்துலயும் தூரம்; அதுக்கு ஓரமா இருக்கிற நிலம் அவங்களோடது. அன்னிக்குக் காலையில அந்த நிலத்து வழியா சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு அப்படியே குந்திக்கினா.

"இன்னா யக்கா, குந்திக்கினே? கிரகணம் உனக்காகக் காத்துக்கினு இருக்குமா?"ன்னு கத்தினேன்.

அவ புருஷன் மாதையன்தான் பக்கத்துல வந்தான். "மேரிம்மா, கத்தாதீங்க. தோ, அந்தக் கல்லு நட்டிருக்குதே, அங்கதான் எங்க கொயந்தையப் பொதைச்சிருக்குது."

"அடப்பாவி! நிலத்தைக் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"ஏரியலு அந்தாண்டைதான் வருதுன்னாங்க. மண்ணுக்குள்ள ஒயரு வரும்னு யாரு கண்டா?"

என் கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இன்ஜினியர் வந்தார். கல்லைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கேபிள் கணக்காத்தான் வெட்டியிருக்கு. கல்லைச் சுத்திக்கினு போனா நீளம் பத்தாது. நான் கெங்கம்மாள் பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். "இந்த ஒண்ணை நீட்டினா மத்த ஏழையும் அதே அளவுக்கு நீட்டணும் யக்கா. இல்லாட்டி துடிப்பு ஒண்ணா வந்து சேராது."

"அப்போ எட்டையும் நீட்டேன்"ன்னா.

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரல. "மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு சுருள்மா. ஆத்திர அவசரத்துக்குன்னு வெச்சிருக்கேன். அதை எட்டா வெட்டிட்டா, நாளைக்குப் பெருச்சாளி ஒரு கேபிளைக் கடிச்சாக்கூட மாத்த ஒண்ணும் இருக்காது. கிரகணம் போச்சுன்னா போனதுதான். என்னால முடியாது."

"பெருச்சாளியை நான் பாத்துக்கறேன் சாமி. இந்தப் பள்ளத்து மேலேயே காவல் கெடக்கறேன். எம் புள்ள மேல மட்டும் கடப்பாரை போடச் சொல்லாதீங்க. பெத்த கையால எப்பிடிப் போடுவேன்?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மறுபடியும் துடைச்சார். அப்புறம், "மேரி, அந்தச் சுருளைப் பிரி"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போய்ட்டார்.

அவருக்கென்ன, சொல்லிட்டார். எட்டு துண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி, முனைக்கு இணைப்பு வெச்சு ஈயத்தால பத்த வெச்சு, பழைய கேபிளோட மாட்டி, துடிப்பு சேர்ற நேரத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி பண்றது யாரு? நான்தான். திட்டிக்கினேதான் செஞ்சேன். யாரைத் திட்டினேன்னு எனக்கே தெரியாது.

துண்டுங்கள்ல அட்டை கட்டணும். இன்ன துண்டுன்னு எழுதாட்டி, யாராவது வேண்டாத கேபிள்னு கழட்டிடுவாங்க. கெங்கம்மாள் எதிர்ல நின்னுக்கினு இருந்தா. "இதுக்கு ஒரு பேரு சொல்லு யக்கா"ன்னேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

ரொம்ப நேரம் யோசிச்சா. "ரஞ்சிதம்"னா.

"யாரு அது?"

"பேரு வைக்கறதுக்குள்ள போய்ட்டுது மேரிம்மா. வெச்சிருந்தா அந்தப் பேருதான்."

எட்டு அட்டையிலயும் ரஞ்சிதம்னு எழுதினேன். இன்ஜினியர் படிச்சுட்டு யாருன்னு கேட்டார். சொன்னேன். "அப்படியே இருக்கட்டும்"னார். ஏழு துண்டைச் சுருட்டிக் குடிசைங்கள்ல மாட்டினோம். எட்டாவது துண்டு மட்டும் அட்டையோட மண்ணுக்குள்ள, அந்தக் கல்லைச் சுத்திப் போச்சு. அன்னியிலேர்ந்து கெங்கம்மாள் பள்ளம் நெடுக முள்ளு வெட்டிப் போட்டுக் காவல் கெடந்தா. சொன்ன சொல்லைக் காப்பாத்தினா.

கிரகணத்தன்னிக்கு மலையில எல்லாரும் கதவைச் சாத்திக்கினு உள்ள கெடந்தாங்க. கெங்கம்மாள் மட்டும் என்கூட வந்தா. குடிசை குடிசையாப் போய் எல்லாம் சரியா இருக்குதான்னு பார்த்து, அங்கங்க இருக்கிற போன்ல இன்ஜினியருக்குச் சொல்றது என் வேலை. "ஒண்ணாவது குடிசை. துடிப்பு வருது. ரஞ்சிதம் இருக்கு"ன்னேன். கெங்கம்மாள் முந்தானையால வாயைப் பொத்திக்கினா. ரெண்டாவது குடிசையிலயும் அதையே சொன்னேன். மூணாவதுலயும் சொன்னேன். ஒவ்வொரு குடிசையிலயும் அவ அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வெளிய வந்தா.

எட்டாவது குடிசைக்குள்ள அட்டை ஏது? "துடிப்பு வருது"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

"ரஞ்சிதம்?"னு கேட்டார் இன்ஜினியர்.

இவ்வளவு வாய் பேசுறவ, நின்ன இடத்துல அழுதுட்டேன். கெங்கம்மாள் என் கையிலேர்ந்து போனை வாங்கினா. அதுக்கு முன்ன அவ போனைத் தொட்டதே கிடையாது.

"இங்க இல்லீங்க சாமி. எங்க நெலத்துலதான் தூங்கறா. யாரும் தொடல."

போன்ல இன்ஜினியர், "சரிம்மா. ஆரம்பிக்கலாம்"னார்.