மஞ்சள் புள்ளி இல்லாத நட்டு

கையில் எப்போதும் வோல்ட் மீட்டரோடு திரிவதால் அந்தத் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்தாறு வருடமாக வண்டி வயரிங் வேலை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "எர்த் சரியா இருக்கான்னு முதல்ல பாரு" என்று சிரிப்பார்.

அந்தச் சாம்பல் நிறக் காரை டீச்சர் கொண்டுவந்து நிறுத்திய மதியம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சரின் கணவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சர்வேயர், ஆறடிக்கு மேல் உயரம். கடைசியாக பேட்டரி மாற்ற வந்தபோது, "என்னை மாதிரியே இதுவும் காலையில எந்திரிக்க அடம் பிடிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர். ரோட்டில் ஏதோ வண்டி அடித்துவிட்டது என்று மட்டும் மீட்டர்காரர் கேள்விப்பட்டிருந்தார்.

"அண்ணே, இதுல என்னமோ இருக்கு" என்றார் டீச்சர். குரல் தாழ்ந்திருந்தது. "நிறுத்தி வச்சிருக்கும்போது வைப்பர் ஒரு தடவை ஆடும். கதவு தானா பூட்டிக்கும். நான் உக்காந்து சாவியத் திருப்பினா சீட்டு பின்னாடி போகுது. அவர் உக்காருற இடத்துக்கே போய் நிக்குது. எனக்குக் கால் எட்ட மாட்டேங்குது."

"கரன்ட் விட்டு விட்டு வந்தா அப்படித்தான் டீச்சர். சீட்டுக்குள்ள ஒரு ஞாபகம் பதிஞ்சிருக்கும். கரன்ட் போய்த் திரும்பி வந்தா முதல் ஞாபகத்துக்கே போயிடும்."

"முதல் ஞாபகம்" என்று டீச்சர் மெல்லத் திருப்பிச் சொன்னார். வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "அவர் செத்த அன்னிக்கும் வண்டி நின்னுதான் போச்சுன்னு நான் சொல்றேன். வளைவுல, மழையில. ஆனா போலீஸ் வந்து சாவியப் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சாம். வண்டியில கோளாறே இல்லைன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஏன் நடு ரோட்டுல இறங்கி நின்னாருன்னு கேக்குறாங்க. எங்க சொந்தக்காரங்களே கேக்குறாங்க. அன்னிக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. அது எல்லாருக்கும் தெரியும்."

 மீட்டர்காரர் பானெட்டைத் திறந்தார்.

பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். எஞ்சின் ஓடும்போது பதினாலு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும், வண்டியின் மூளையான கன்ட்ரோல் யூனிட் வேறு கதை சொன்னது. அதற்கு எட்டு வோல்ட்தான் வந்திருக்கிறது. சில நேரம் ஆறு. ஒவ்வொரு தடவை குறைந்தபோதும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்றும் பதிவாகியிருந்தது. முதல் பதிவு, அவர் பேட்டரி மாற்றி, பழைய பிழைகளை எல்லாம் அழித்துவிட்டு அனுப்பிய பிறகு மூன்றாவது கிலோமீட்டரில். அடுத்தடுத்த பதிவுகளின் எண்களை அவர் வாய்விட்டுப் படித்தார்.

நடுவில் ஒரு எண் வந்ததும் பெஞ்சிலிருந்து டீச்சர் சொன்னார்: "அது, அன்னிக்கு வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர்னு போலீஸ் பேப்பர்ல இருக்கிற நம்பர்ணே. எனக்கு மனப்பாடம்."

அந்த நேரம் பார்த்து வைப்பர் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. மழையில்லாத கண்ணாடியில் ரப்பர் கிரீச்சிட்டது. ஆளில்லாத சீட்டு உர்ரென்று பின்னால் நகர்ந்து நின்றது. எதனால் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு அடி பின்வாங்கினார். உயரமான ஒருவர் உள்ளே உட்கார்ந்து, என்னப்பா கண்டுபிடிச்சிட்டியா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

பேட்டரியில் முழுசாக இருக்கும் கரன்ட் வழியில் எங்கோ தொலைகிறது என்றால் தேட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்தார். ஹெட்லைட்டைப் போட்டார். கால் வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடம், ஒன்றரை காட்டியது. எர்த் வயரை லேசாக அசைத்ததும் நாலுக்குத் தாவியது.

பேட்டரித் தட்டைக் கழற்றினார். அடியில், எர்த் வயரை உடம்போடு பிடித்திருக்கும் நட்டு விரலாலேயே சுழன்றது. சுற்றிலும் கருகல்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். தட்டின் நாலு நட்டிலும் புள்ளி இருந்தது. பேட்டரி முனைகளில் இருந்தது. பேட்டரி மாற்றும்போது கழற்றி மாட்டிய இதில் மட்டும் இல்லை. அன்றைக்கு போன் வந்ததா, யாராவது கூப்பிட்டார்களா, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஸ்பேனர் கையில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. இறுக்கிவிட்டு, "பேட்டரி வீக்கா இருந்துச்சு டீச்சர்" என்றால் தீர்ந்தது. கை நட்டுவரைக்கும் போய்விட்டது. சீட்டின் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "டீச்சர், இங்க வந்து பாருங்க."

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"இது லூசா இருக்கு. குலுங்கினா வண்டி மொத்தமா செத்துடும். கொஞ்ச நேரத்துல தானா உசுரு வந்துடும். அதான் போலீஸ் வந்தப்ப ஸ்டார்ட் ஆயிருக்கு." நட்டைத் தொட்டுக் காட்டினார். "இதை இறுக்க வேண்டியவன் நான்தான். இறுக்கலை."

டீச்சர் கையை நீட்டி அந்த நட்டைச் சுழற்றிப் பார்த்தார். அடிப்பார் என்று மீட்டர்காரர் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார்.

"அப்போ அவரா நிறுத்தலை" என்றார் டீச்சர்.

"இல்லை."

"வண்டிதான் நின்னுச்சு. உதவிக்குக் கைகாட்டத்தான் ரோட்டுல நின்னிருக்காரு."

"ஆமா டீச்சர்."

டீச்சர் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து அழுதார். நாலு மாதமாகத் தொண்டையில் கிடந்த அழுகை. அதில் பாதி நிம்மதி என்பது மீட்டர்காரருக்குப் புரிந்தது. புரிந்ததும் நெஞ்சு இன்னும் கனத்தது.

அழுது முடித்து, கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போலீஸ் கேட்டாலும் சொல்லணும்."

மீட்டர்காரர் எழுதினார். நட்டைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, டீச்சர் கண் முன்னாலேயே இறுக்கினார். ஸ்கேனரில் பன்னிரண்டரை வந்து அசையாமல் நின்றது.

கிளம்பும்போது டீச்சர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. "அவருக்கு உங்க மேல ரொம்ப நம்பிக்கை" என்றார். திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

போலீஸில் கூப்பிட்டார்கள், போய் ஒன்றுவிடாமல் சொன்னார். கேஸ் நடக்கிறது. "வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குய்யா தெரிஞ்சிருக்கும்?" என்று கூடத் தொழில் செய்கிறவர்கள் கேட்கிறார்கள். 

அந்தச் சாம்பல் கார் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தத் தெரு வழியாகப் போகிறது. ஓட்டம் சீராக இருப்பது சத்தத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அது வருவது கேட்டால் மீட்டர்காரர் கடைக்குள் போய்விடுகிறார். ஸ்டீயரிங் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் இதுவரை பார்த்ததில்லை.