முதல் ஸ்டாப்பிலிருந்து ஏழெட்டு

புதன்கிழமை காலை அவளுக்குப் பரீட்சை. சின்னக் குழந்தைகள் வகுப்பில் டீச்சருக்குத் துணையாக வேலை. அது கிடைத்தால் ஆபீஸ் மாடிப்படிகளைத் துடைக்கிற வேலையை அன்றைக்கே தலைமுழுகிவிடலாம். காதில் ஹெட்போன், அதில் கேட்கிற இருபது கணக்கு, ஒவ்வொன்றுக்கும் விடையைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஐந்தே வினாடி. பேப்பர் கிடையாது. பதினைந்து சரியாக வந்தால் பாஸ்.

ஞாயிறு மத்தியானம் அக்கா துணி தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏழெட்டு?”

“ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு...”

“டைம் முடிஞ்சுது. ஏண்டி, பஸ்ஸை முதல் ஸ்டாப்புலேர்ந்தே ஓட்டிட்டு வரணுமா? நடுவுல ஏறத் தெரியாதா?”

“நடுவுல ஏறினா விழுந்துடுறேன்க்கா!”

வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தண்ணிபட்ட பாடு. ஆனால் பாட்டை முதலிலிருந்து பாடினால்தான் விடை வரும். கூட்டலும் அப்படித்தான், விரல் மேஜையில் கோடு போட்டு எழுதிப் பார்க்கும்.

“முப்பத்தெட்டும் இருபத்தேழும்?” என்றாள் அக்கா.

விரல் ஓட ஆரம்பித்ததுமே மேஜைக்கு அடியில் படம் வரைந்துகொண்டிருந்த அக்கா மகள் தலையை நீட்டினாள். எட்டு வயசு.

“அறுபத்தஞ்சு! இருபத்தேழுலேர்ந்து ரெண்டை எடுத்து முப்பத்தெட்டுக்குக் குடுத்துடு சித்தி. நாப்பது ஆயிடும். மிச்சம் இருபத்தஞ்சு. இதுகூடத் தெரியாதா?”

“வாயை மூடிட்டு வரைடி!”

கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனூண்டு விஷயம். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாளே, ஒருத்தர் வாயிலிருந்தாவது இது வந்ததா? திங்களும் செவ்வாயும் படி துடைக்கிறபோதெல்லாம் எண்களுக்குக் கடன் கொடுத்து வாங்கிப் பழகினாள். கூட்டல் படிந்தது. வாய்ப்பாட்டைத் தொட நேரமே இல்லை.

புதன்கிழமை, இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைக்கச் சொன்னார்கள். விடை அடிக்கிற நேரம் தவிர விரல் ஆடக் கூடாதாம். கூட்டல் கழித்தலெல்லாம் மடமடவென்று சரியாக வந்தன. அப்புறம் வந்தது, ஏழெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு நினைவிருந்தது, அங்கேயே ஏறினாள். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தாறு! அடித்து நிமிர்வதற்குள் அடுத்த கேள்வி பாதியைத் தாண்டியிருந்தது. அது போனது. அந்தப் பதற்றத்தில் அதற்கடுத்ததும் போனது, பெருக்கலில் இன்னும் நாலும் அப்படியே போயின.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

“பதினாலு.”

“அடிப்பாவி! ஒண்ணே ஒண்ணா?”

“பதினஞ்சுல பதினாலு போனா ஒண்ணு. இதெல்லாம் சட்டுனு வருதுக்கா. மறுபடி எழுத மூணு மாசம் ஆகுமாம். சரி வை, படி துடைக்க நேரமாச்சு.”