குழாயில் தொங்கிய ஈரக் கையுறைகள்

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில், புதன்கிழமை சாயங்காலப் பேருந்தில், என் பின்னிருக்கையில் இரண்டு குரல்கள். முகங்களை நானே ஒட்டவைத்தேன். [மூக்கு பொருந்தாவிட்டால் மன்னிக்கவும்.]

முதல் தொடக்கம்: “பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாளில்...” வேண்டாம். இங்கே என்றைக்குத்தான் பெய்யவில்லை?

2

ஒட்ரூன் பொறியாளர். அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி நிறையப் பொடிமணிகள். குளிர்ந்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். மறுபடி பிடிக்கச் சட்டென்று ஆற வேண்டும். அதற்குத்தான் அவளுடைய வெப்பமாற்றி: மணிகளுக்கு நடுவே மெல்லிய தகடுகள், அவற்றுக்குள் ஓடும் தண்ணீர், அந்தத் தண்ணீர் சூட்டை இறக்கிவைக்கச் சுவரோரமாக ஒரு நீளக் குழாய்.

[இதற்குமேல் விளக்கம் கேட்டால் பேருந்தை விட்டு இறங்கிவிடுவேன்.]

குளிர்காலம் முழுக்க மணிகள் அருமையாக ஆறின. நாளைக்கு நிதிக்குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே ஆறினால் பெரிய இயந்திரம் கட்டலாம். இல்லாவிட்டால் ஒட்ரூனின் தொட்டிக்கு மூடுவிழா.

“டோர்கைர், என் குழாயை எதுக்கு மொட்டையடிச்சே?”*

“குழு வருதே! ஆய்வுக்கூடமா அது, துணி காயப்போடுற கொடியா? பனியில சறுக்கிட்டு வேலைக்கு வர்றவன் எல்லாம் ஈரக் கம்பளிக் கையுறையை அதுலதான் மாட்டுறான். எவனோ காலுறை வேற!”

“நீ எடுத்ததுலேர்ந்து மணி ஆறவே மாட்டேங்குது.”

“தகடு மெல்லிசா இருந்தா ஆறிடும்னு நீதானே சத்தியம் பண்ணினே?”

“பண்ணினேன். ஆனா கம்பளி ஈரம் காயக் காய, குழாய்ச் சூட்டை இழுத்திருக்கு.” [மண்பானையில் தண்ணீர் சில்லிடுகிற அதே சங்கதி.]

“அப்போ உன் வெப்பமாற்றி?”

“பாதி என் தகடு. மீதி உங்க கையுறை.”

“என் காலுறையும்தான்,” என்றான் டோர்கைர்.

“திரும்ப மாட்டிடலாமா?”

“மோசடிம்மா அது!”

“கையுறையையும் இயந்திர வரைபடத்துலயே காட்டிட்டா?”

“காட்டு. பெரிய இயந்திரத்துக்கு எத்தனை ஊர்க் கையுறை வேணும்னும் சொல்லிடு!”

* டோர்கைர் அவளுடைய மேலாளர். இங்கே மேலாளரும் ‘நீ’தான்.

3

அதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள். மீதிக் கதையை நானே கட்ட வேண்டும். டோர்கைரை வில்லனாக்கிப் பார்த்தேன். காலுறைக்காரன் வில்லனாக நிற்க மாட்டேனென்கிறான்.

முடிவு ஒன்று: விடியுமுன் ஒட்ரூன் கையுறைகளை வாளியில் முக்கி... அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு இரண்டு: குழு வந்ததும் முதலில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒட்ரூன் முடிவெடுத்திருக்கிறாள். குழாய் வெறுமையாக இருக்கிறது. கதவு திறக்கிறது. ட்ராம் நிறுத்தத்திலிருந்து பனியில் நடந்து வந்த குழு, ஒவ்வொரு கையிலும் சொட்டச் சொட்டக் கம்பளிக் கையுறையோடு.

“இதை எங்க மாட்டறது?”

கேட்டது நீங்கள். குழுவில் முதல் ஆளாக உள்ளே வந்தவர் நீங்கள்தான். அறையில் சூடாக இருப்பது ஒன்றே ஒன்று, சுவரோரமாக. உண்மையைச் சொல்லத் திறந்த ஒட்ரூனின் வாய் திறந்தபடியே இருக்கிறது. டோர்கைர் கூரையைப் பார்க்கிறான்.

நான் பேனாவை மூடிவிட்டேன். கையுறை உங்களுடையது.