இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் 1.9 வோல்ட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எந்த உள்ளொளியிலும் பிறக்கவில்லை. ஒரு சிக்னலில், பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாமே என்று காரை அணைத்தேன். பச்சை விழுந்ததும் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். பதிலுக்கு நானும் அடித்தேன். என் ஹாரன் சளி பிடித்த மாதிரி முனகியது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. அதற்குள் இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றியாகிவிட்டது. (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிரப்பும் உருண்டைக்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கே போன மாதம்தான் தெரியும்.)

மாற்றியது என் தங்கை. நகரத்தில் ஒரு பெரிய பணிமனையில் வயரிங் மேசை அவளுடையது. ஒன்பது வருட உழைப்பில் பிடித்த மேசை. மூன்றாவது தடவை என் கார் படுத்தபோது, பணிமனை முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சொந்த அண்ணன் வண்டியையே உன்னால சரி பண்ண முடியல. இன்னொரு தடவ இந்த வண்டி கயித்துல கட்டி உள்ள வந்துச்சுன்னா, நீ டோக்கன் கொடுக்குற ஜன்னலுக்குப் போயிடும்மா."

நான்காவது தடவையாக, கயிற்றில் கட்டி, அதே வாசலுக்குள் என் கார் நுழைந்தது. ஸ்டியரிங்கில் நான். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

2

தொடக்கம் (அ): மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட ஒரு கிழட்டு யானையைப் போல அந்தக் கார்—

(விட்டுவிட்டேன். தங்கைக்கு போனில் அனுப்பினேன். "அண்ணா, அன்னைக்கு மழையே பெய்யலையே? வெயில் மண்டையப் பொளந்துச்சு" என்று பதில் வந்தது.)

தொடக்கம் (ஆ): மனித உறவுகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னோட்டம்—

("யாரு வண்டி கெட்டுச்சு? அத மொதல்ல சொல்லு.")

தொடக்கம் (இ): அவள் கண்களில் நீர் திரண்டது.

("நான் எங்கண்ணா அழுதேன்? நீயே சொல்லு. அழுதது நீ.")

ஆகவே தொடக்கம் இல்லாமலேயே தொடர்கிறேன்.

3

காலை பத்து மணி. பானெட் திறந்திருக்கிறது. சுற்றிலும் ஆறேழு பேர் வேலை பார்ப்பது போல நின்றுகொண்டு வேலை பார்க்கவில்லை. அவர்களில் மூத்தவருக்கு 'மாத்து' என்று பட்டப்பெயர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அது.

"மாத்து. மூணாவது ஆல்டர்னேட்டர் போடு. கம்பெனியே மோசம்."

"போன ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. கழட்டி டெஸ்ட் மேசைல போட்டுப் பாத்தேன். ரெண்டும் பழுதே இல்ல."

"அப்ப பேட்டரிய மாத்து."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் உனக்கு டைம்."

இந்த இடத்தில் அந்தப் பணிமனையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பேட்டரியை இன்ஜின் அணைந்திருக்கும்போது அளப்பார்கள். ஆல்டர்னேட்டரை இன்ஜின் ஓடும்போது அளப்பார்கள், அதுவும் மீட்டரின் கறுப்பு வயர் முனையிலுள்ள முள்ளை அந்த ஆல்டர்னேட்டரின் உடம்பிலேயே வைத்து. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். என் தங்கையும் இதையே மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் எல்லாம் நலம் என்றது மீட்டர். டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரியவில்லை, அதுவும் நலம் என்றது. காருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

நான்காவது தடவை அவள் இன்ஜினை ஓடவிட்டாள். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டாள். அப்புறம் முதல் முறையாக, ஓடும் இன்ஜினோடு பேட்டரியை அளந்தாள்.

12.3 வோல்ட்.

ஆல்டர்னேட்டரை அளந்தாள். 14.4.

"இங்க கெளம்பும்போது பதினாலு புள்ளி நாலு. அங்க போய்ச் சேரும்போது பன்னெண்டு புள்ளி மூணு" என்றாள். "வழியில யாரோ ரெண்டு புள்ளி ஒண்ணத் தின்னிருக்காங்க."

போகிற வயரின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்தாள். 0.1. வயர் சுத்தம். ஆனால் மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது, இரும்பு வழியாகத்தான் வரும். பேட்டரியின் மைனஸிலிருந்து இன்ஜின் வரைக்கும் அளந்தாள். அதுவும் 0.1.

மிச்சம் ஒரே ஒரு இடம். ஆல்டர்னேட்டரின் உடம்பில் ஒரு முள், அதைத் தாங்கி நிற்கும் இன்ஜினில் இன்னொரு முள். நடுவில் இரண்டையும் இணைக்கிற ஒரு கை அகல பிராக்கெட், அவ்வளவுதான்.

மாத்து சிரித்தே விட்டார். "ஏம்மா, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல என்ன வோல்ட்டு இருக்கும்? போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கு!"

மீட்டர் 1.9 என்றது.

எனக்குக் கணக்கு வராது, ஆனால் இதை விரல்விட்டே கூட்டினேன். 0.1, 0.1, 1.9. காணாமல் போன இரண்டு புள்ளி ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு சொட்டு பாக்கியில்லை!

"பாருங்க" என்று ஒரு தடித்த கேபிளை எடுத்தாள். ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பில் கவ்வவிட்டாள், மறுமுனையை பேட்டரியின் மைனஸில். எதிர்ச் சுவரில் மஞ்சளாக விழுந்துகிடந்த ஹெட்லைட் வெளிச்சம் சட்டென்று வெள்ளையாகியது. சுவரில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய் விளம்பரத்தின் சின்ன எழுத்துகூடப் படிக்க முடிந்தது. பேட்டரியில் 14.2.

நான் கை தட்டிவிட்டேன். யாரும் கூடத் தட்டவில்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை.

4

[இங்கே கதை எனக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தது. முதல் வரைவில் இதற்கப்புறம் ஒரு வில்லன் வருகிறான். இப்போது அவரை வில்லன் என்று எழுதக் கை வரவில்லை. ஏனென்று பாருங்கள்.]

பிராக்கெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பளபளவென்று கறுப்பு பெயின்ட். முன்பக்கம், பின்பக்கம், போல்ட் நுழையும் துளைகள், வாஷர்கள் வரைக்கும் சொட்டு விடாமல் இரண்டு கோட். பெயின்ட் வழியாக மின்சாரம் எப்படிப் போகும்? ஏதோ ஒரு போல்ட்டின் மரை வழியாகத்தான் கொஞ்சநஞ்சம் போய்வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் என் காரை முழுதாக பெயின்ட் அடித்துக்கொடுத்தது இதே பணிமனைதான்.

"யாரு இத அடிச்சது?" என்றார் முதலாளி.

என் தங்கை மீட்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பணிமனையில் பெயின்ட் அடிப்பவர் ஒருவர்தான், அவர் அவளுடைய கணவர். விடையைக் கண்டுபிடித்தவளால் விடையைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் மேசை அவளுக்கு நிலைக்கும், ஆனால் அவர் பேர் கெடும்.

பெயின்ட் அறையிலிருந்து மாப்பிள்ளையே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு பிராக்கெட்டைப் பார்த்தார்.

"நான்தாங்க அடிச்சேன். கழட்டி, ரெண்டு கோட்டு."

"பின்பக்கம் யாரு கண்ணுக்குய்யா தெரியப்போகுது?"

"மச்சான் வண்டிங்க" என்றார் மாப்பிள்ளை. வேறு காரணம் அவர் சொல்லவில்லை.

வேறு எவன் காராக இருந்தாலும் வெளியே தெரிகிற இடத்தில் ஒரு கோட் அடித்து அனுப்பியிருப்பார். அந்தக் காரெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

5

வரைவு ஒன்றில் இந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'உடனே நான் முன்னால் வந்து, தப்பு என்னுடையது என்றேன்.'

அடித்துவிட்டேன். அது பொய். அன்றைக்கு நான் என் காரின் டயரில் காற்று இருக்கிறதா என்று வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். "மாப்ள, பானெட்டத் தூக்கினா உள்ள இருக்கிறதெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னணும், அந்த பிராக்கெட்டு உட்பட" என்று சொன்னது நான். விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னேன். "மச்சான்தான் சொன்னார்" என்று ஒரு வார்த்தை போதும், அவர் தப்பித்திருப்பார். அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிராக்கெட்டை மனைவியிடம் நீட்டி, "எங்கெங்க சொரண்டணும்? மார்க் பண்ணு" என்றார்.

அவள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஆல்டர்னேட்டர் உட்காரும் இடம் இரண்டு, இன்ஜினில் உட்காரும் இடம் மூன்று. மாப்பிள்ளை உப்புத்தாளை எடுத்து, தான் அடித்த பெயின்ட்டைத் தானே சுரண்டினார். அவசரமில்லாமல், அடித்தபோது இருந்த அதே பதவிசோடு. ஐந்து வட்டத்திலும் வெள்ளை இரும்பு தெரிந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு கீறல் இல்லை.

"இது போதுமா?"

"போதுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. (அழவில்லை. எழுதிவிட்டேன், போதுமா?)

மாட்டினார்கள். இன்ஜின். விளக்கு, ஏசி, ஹீட்டர் எல்லாம். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பூஜ்யம். பேட்டரியில் 14.2, கேபிள் எதுவும் இல்லாமல்!

சாப்பாட்டு மணி அதற்கப்புறம்தான் அடித்தது.

முதலாளி போகவில்லை. மீட்டரை வாங்கி, தானே ஒரு முறை அளந்தார். பிறகு எழுத்துப் பலகையைக் காட்டி, "இனிமே எல்லாரும் எப்படி அளக்கணும்னு நீயே எழுதும்மா, உன் கையால" என்றார். ஒன்பது வருடத்தில் அந்தப் பலகையில் அவள் கையெழுத்து ஏறியது அன்றுதான். மாத்து அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்து, "மா—" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "அளந்தீங்களா?" என்று கேட்டார். பணிமனை முழுக்கச் சிரித்தது, அவரும் சேர்ந்து.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) காரில் தங்கையும் மாப்பிள்ளையும் நானும் ஊரைச் சுற்றுகிறோம், எல்லா விளக்கும் எரிய. (நடந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு.)

(ஆ) எழுத்தாளர் வாழ்க்கையைப் பற்றி ஒரு பாடம் கற்கிறார். (இல்லை.)

(இ) இதை எழுதி முடித்து நேற்று தங்கைக்கு அனுப்பினேன். வழக்கமாகக் கிண்டல் வரும். இந்தத் தடவை ஐந்தாம் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். "நாளைக்கு எல்லாருக்கும் மத்தியில வாசிச்சுக் காட்டுண்ணா. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். இவரும் இருப்பாரு."

இன்று காலை சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு, உறுமிக்கொண்டு கிளம்பியது. பணிமனை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். காகிதம் மடியில். எழுத்துப் பலகைக்குக் கீழே மாப்பிள்ளை எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் நான்கு பகுதியையும் நான் வாசித்துவிடுவேன், சந்தேகமே இல்லை. ஐந்தாவதில், விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னது நான் என்ற வரி வரும். அவர் கண்ணைப் பார்த்து அதை வாசித்தேனா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பெயின்ட் அடிக்கவில்லை.