கூறப்படுகிறது

பாகூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குத் தமிழாசிரியை செல்வகுமாரி காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று ஒன்பதாம் வகுப்பில் பத்தியைச் சுருக்கி எழுதும் பயிற்சி. புத்தகத்துப் பத்தி என்றால் பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து ஒப்பித்துவிடுகிறார்களே என்று, பழைய செய்தித்தாளிலிருந்து ஒரு விபத்துச் செய்தியை எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டுப் பலகையில் எழுதினாள். நாற்று நடப் போன பெண்களை ஏற்றிச் சென்ற மினி வேன் ஏரிக்கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. ஓட்டுநரும் இரண்டு பெண்களும் இறந்தனர். ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது.

வகுப்பு சட்டென்று அடங்கிப்போனது. கவனமாகப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“உங்க கோவம், பரிதாபம் எதுவும் அதுல வரக் கூடாது. செய்தில இருக்கறத மட்டும் சுருக்கி எழுதுங்க.”

புகழ்வேந்தன் முதலில் எழுந்து படித்தான். “குடிபோதையில் ஓட்டுநர் வேனைக் கவிழ்த்ததில் மூவர் பலி.”

“நல்லா சுருக்கிட்டியே!” அதையே பலகையில் எழுதினாள்.

“தப்பு டீச்சர்.”

கடைசி பெஞ்சில் தனக்கொடி எழுந்து நின்றாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். “குடிச்சிருந்தாருன்னு அதுல இல்ல. குடிச்சதா சொல்றாங்கன்னுதான் இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல டீச்சர். அது எங்கப்பா.”

செல்வகுமாரி பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

புகழ்வேந்தன் இன்னும் உட்காரவில்லை. அந்த வேனில் போன அவன் அம்மா இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். “அப்ப உங்கப்பா குடிக்கலன்றியா?”

தனக்கொடி அவனை நேராகப் பார்த்தாள். “குடிப்பாரு. அன்னிக்குக் குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கறதுக்குள்ள வூட்ட வுட்டுக் கெளம்பிட்டாரு. உனக்குத் தெரியுமா?”

அவன், “அம்மா பின்னால ஒக்காந்துனு இருந்துச்சு. அதுக்கும் தெரியாதாம்” என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான்.

செல்வகுமாரி பலகையில் இருந்த அந்த வரியை அழித்தாள். “தனக்கொடி சொன்னதுதான் சரி. யார் சொன்னாங்கன்னு செய்தில இல்ல. அதுக்கு மேல சொல்ல நமக்கும் உரிமை இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்.” பிள்ளைகள் குனிந்து மறுபடி எழுதினார்கள். புகழ்வேந்தனும் எழுதினான்.

மாலை பஸ் நிறுத்தத்தில் செல்வகுமாரி தனக்கொடியிடம் போனாள். “தெரியாம அந்தச் செய்திய எடுத்துட்டேம்மா. மனசுல வச்சிக்காத.”

“பரவால்ல டீச்சர். எல்லாரும் எங்களுக்குப் பின்னாலதான் பேசுவாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேட்டான். நானும் பதில் சொல்லிட்டேன்.”

அதற்குப் பிறகுதான் தனக்கொடி அழுதாள். செல்வகுமாரியின் பஸ் வந்து நின்றது. அவள் அதில் ஏறவில்லை.